நம் வாசகசாலைக் கணினியில் மென்பொருளை எப்படிப் போடுவது, யார் போடுவது

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து தண்ணீர் லாரி விஷயம் இருக்கிறது, நீங்கள் எல்லோரும் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

வாசகசாலையில் இரண்டு கணினி, அலுவலக அறையில் ஒன்று, ஆக மூன்றிலும் இப்போது லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. ஏன் மாற்றினோம் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14 அக்டோபர் 2025 அன்று நின்றுவிட்டன. விண்டோஸ் 11 நம் பழைய பெட்டிகளில் ஏறாது. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் கேட்கும். மின்ட் 22க்கு 2 ஜிபி நினைவகம் இருந்தாலே போதும், 4 இருந்தால் தாராளம் என்று அவர்களே சொல்கிறார்கள். 2029 வரை அதற்குத் திருத்தங்கள் வரும். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது எடைக்குப் போட யாருக்கும் மனம் வரவில்லை. பொருளாளரின் கணினி மட்டும் விண்டோஸிலேயே இருக்கிறது, ஏனென்றால் டாலி அதில்தான் ஓடும். அதைத் தொடவில்லை.

மாற்றிய நாள் முதல் எனக்கு வரும் கோரிக்கை ஒன்றுதான். "சார், அந்த பாஸ்வேர்டைக் கொஞ்சம் கொடுங்கள், ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டும்." ஒருவருக்கு ஜாதகம் கணிக்க வேண்டும், ஒருவருக்குப் பேரனோடு சதுரங்கம் ஆட வேண்டும், ஒருவருக்கு பிடிஎஃப் இரண்டை ஒன்றாக ஒட்ட வேண்டும். எல்லாம் நியாயமான தேவைதான். ஆனால் பாஸ்வேர்டை நான் கொடுப்பதில்லை. சிலருக்கு என் மேல் வருத்தம். அந்த வருத்தத்துக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டருக்கு என்று ஒரு சான்றிதழும் கிடையாது. ஆனால் 90களில் எங்கள் கிளையில் கணினி வந்தபோது அதில் ஓடியது யூனிக்ஸ்தான். கறுப்புத் திரையில் லாகின் என்று ஒரு வார்த்தை வந்து நிற்கும். கிளார்க்குக்கு ஒரு பெயர், ஆபீசருக்கு ஒரு பெயர், ரூட் என்ற சர்வாதிகாரி பெயர் யாரோ ஒருவரிடம் மட்டும். நான் பதிவு போட்டால் ஆபீசர் சரிபார்க்காமல் அது கணக்கில் ஏறாது. லினக்ஸும் அந்த யூனிக்ஸ் வழியில் வந்த பிள்ளைதான். அதனால் எனக்கு இதில் பாதி விஷயம் புதிதாகத் தெரியவில்லை.

விண்டோஸில் நாம் என்ன செய்து பழகியிருக்கிறோம்? ஒரு மென்பொருள் வேண்டும் என்றால் கூகுளில் தேடுவோம். முதலில் வருகிற தளத்தைத் திறப்போம். அதில் 'டவுன்லோட்' என்று பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று இருக்கும். எது நிஜம், எது விளம்பரம் என்று தெரியாது. ஒன்றை அழுத்துவோம். இறங்கியதை ஓட்டுவோம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்'. அதை எழுதியவர் யார், வழியில் யாராவது கை வைத்தார்களா, நாளைக்கு ஓட்டை கண்டுபிடித்தால் அடைப்பது யார், எதுவும் நமக்குத் தெரியாது.

மின்ட்டில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இங்கே மென்பொருள் பொதிகளாக வருகிறது. பேக்கேஜ் என்பார்கள். பொதிகள் எல்லாம் ஒரு களஞ்சியத்தில் இருக்கின்றன. நாம் ஊர் ஊராக அலைய வேண்டாம், களஞ்சியத்தில் கேட்டால் வரும்.

இந்த ஏற்பாட்டின் வேர் டெபியன் என்ற திட்டம். 1993இல் இயன் முர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. அவருடைய தோழி டெப்ராவின் பெயரில் பாதியையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பொதிகளைப் பொறுப்பெடுத்துப் பராமரிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 69,830 பொதிகள் இருந்தன. டெபியனை எடுத்து உபுண்டு செய்கிறார்கள், உபுண்டுவை எடுத்து மின்ட் செய்கிறார்கள். நம் ஊர்ச் சம்பந்தமும் உண்டு. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் என்று ஒன்று இருந்ததே, சி-டாக் உருவாக்கியது, அதுவும் டெபியன் வம்சம்தான். நம் பிள்ளைகள் பலர் அதைத் திறக்காமலே அழித்துவிட்டார்கள், அது வேறு கதை.

களஞ்சியத்திலிருந்து பொதியை வாங்கிக் கொண்டுவரும் குமாஸ்தாவின் பெயர் ஆப்ட். ஏ, பி, டி என்று மூன்றே எழுத்து. மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்று படம் போட்டு ஒரு கடை இருக்கிறது, 'அப்டேட் மேனேஜர்' என்று கீழே ஒரு கேடயக் குறி இருக்கிறது. இரண்டுக்கும் பின்னால் வேலை செய்வது பெரும்பாலும் இந்தக் குமாஸ்தாதான். அவருக்குக் கீழே டிபிகேஜி என்று ஒருவர் உண்டு, பொதியைப் பிரித்து அந்தந்த அலமாரியில் அடுக்குபவர். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் அடித்து அலுவலக அறையில் ஒட்டியிருக்கிறேன். இங்கே வாயால் சொல்கிறேன்.

'சூடோ ஆப்ட் அப்டேட்' என்பது ஒன்று. 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் யாரையும் நான் பார்க்கவில்லை. அப்டேட் என்றால் ஒரு மென்பொருளும் புதிதாகாது. களஞ்சியத்தில் இன்று என்னென்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு என்ற பட்டியல் மட்டும் இறங்கும். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வருவது போல. அதனால் கையில் பணம் வந்துவிடாது. அப்கிரேட் கொடுத்தால்தான் புதிய பதிப்புகள் உண்மையில் இறங்கி உட்காரும். பட்டியலைப் புதுப்பிக்காமல் அப்கிரேட் மட்டும் கொடுத்தால், பழைய பட்டியலைப் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். ஆகவே முதலில் அது, பிறகு இது.

சூடோ என்பது "இந்த ஒரு வேலைக்கு மட்டும் ரூட் அதிகாரத்தோடு செய்" என்பதற்கு. பாஸ்வேர்ட் கேட்பது அதனால்தான். பொதியைத் தேடிப் பார்க்க, அதைப் பற்றிப் படிக்க, என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க சூடோ வேண்டாம். 'ஆப்ட் சர்ச்', 'ஆப்ட் ஷோ' இரண்டும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கணினி கெடாது. வாசகசாலையில் உட்கார்ந்து தாராளமாகப் பாருங்கள்.

ஓர் உதாரணம். நம் செயற்குழுக் குறிப்புகளைத் தமிழில் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை வேண்டியிருந்தது. அதற்கு 'ஐபஸ்-எம்17என்' என்று ஒரு பொதி இருக்கிறது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சு முறை எல்லாம் அதற்குள் கிடைக்கும். இன்ஸ்டால் என்று கொடுத்ததும் உடனே அது போடாது. "இந்தப் பொதி ஓடுவதற்கு இன்னின்ன துணைப் பொதிகளும் வேண்டும், இவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் இவ்வளவு இடம் பிடிக்கும், சம்மதமா?" என்று ஒரு சிறு அறிக்கை தரும். ஒய் அல்லது என் அழுத்த வேண்டும். இந்தத் துணைகளைத்தான் டிபென்டன்சி என்கிறார்கள். நகைக்கடன் கேட்டு வருபவரிடம் முதலில் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா, அதற்கு முகவரிச் சான்று இருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்போம் இல்லையா, அது போல ஆப்ட் தானாகவே சங்கிலியைப் பின்தொடர்ந்து எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வரும். ஆப்ட் வருமுன் மனிதர்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டார்கள். 1999இல் வந்த டெபியன் 2.1 முதல் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அந்தச் சிறு அறிக்கையைப் படியுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நாம் வங்கிப் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி. ஐந்து வரிதான், படிக்கலாம். "புதிதாக வருபவை", "மேம்படுத்தப்படுபவை", "நீக்கப்படுபவை" என்று மூன்று தலைப்பு. கண் போக வேண்டியது மூன்றாவதில். நாம் ஒன்றைப் போடச் சொன்னோம், அது நாற்பதை நீக்குகிறேன் என்கிறது என்றால் எங்கோ முரண்பாடு இருக்கிறது. என் அழுத்திவிட்டு எழுந்து போய்விட வேண்டும்.

இது கற்பனை பயம் இல்லை. 2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற, கோடிக்கணக்கான பேர் பார்க்கும் யூடியூப் தொழில்நுட்பக்காரர், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளைப் போட முயன்றார். அந்த நேரத்தில் அந்தப் பொதியில் ஒரு கோளாறு இருந்தது. படம் போட்ட கடை மறுத்துவிட்டது. அவர் டெர்மினலுக்குப் போனார். ஆப்ட் நீண்ட பட்டியல் காட்டி, "அத்தியாவசியமான பொதிகள் நீக்கப்படப் போகின்றன, என்ன செய்கிறீர்கள் என்று தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்" என்று எச்சரித்தது. ஒய் மட்டும் போதாது, "யெஸ், டூ ஆஸ் ஐ சே" என்று முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய் என்றது. அவரும் செய்தார். திரையில் மேசை, மெனு, ஜன்னல் எல்லாம் போய்க் கறுப்புத் திரை மட்டும் மிஞ்சியது. கோளாறு பொதியில்தான், சந்தேகமில்லை. ஆனால் குமாஸ்தா கையைப் பிடித்துத் தடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

களஞ்சியத்திலிருந்து வருவது அசல்தான் என்று நம் கணினிக்கு எப்படித் தெரிகிறது? மாதிரிக் கையொப்பம் பார்த்துத்தான். கணக்குத் தொடங்கும்போது கார்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் செக் வரும்போது ஒப்பிட்டோம் அல்லவா? மின்ட்டை நிறுவும்போதே களஞ்சியக்காரர்களின் மாதிரிக் கையொப்பம் போன்ற ஒரு பொதுச் சாவி கணினிக்குள் வந்துவிடுகிறது. களஞ்சியம் ஒரு முகப்புக் கோப்பில் கையொப்பமிட்டு அனுப்பும். அந்தக் கோப்புக்குள் பொதிப் பட்டியல்களின் கைரேகை இருக்கும். கைரேகை என்று நான் சொல்வது 64 எழுத்து நீளமுள்ள ஒரு கூட்டுத்தொகை. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தக் கூட்டுத்தொகை முற்றிலும் வேறாகிவிடும். பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் இருக்கும். ஆகக் கையொப்பம் முகப்புக் கோப்பை உறுதி செய்கிறது, முகப்பு பட்டியலை, பட்டியல் பொதியை. நடுவில் எந்த ஊர் சர்வர் வழியாக வந்தாலும் கவலை இல்லை. மாற்றியிருந்தால் கணக்கு டேலி ஆகாது, ஆப்ட் வாங்காது. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்த எனக்கு இது சங்கீதம் மாதிரி இருக்கிறது.

இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது? நாமே பின்கதவைத் திறக்கும்போது. தளங்களில் மூன்று விதமாகத் திறக்கச் சொல்வார்கள்.

'டெப்' என்று முடியும் கோப்பை இறக்கி இரட்டைச் சொடுக்கு போடச் சொல்வது ஒன்று. இப்படி நேராகப் போடும் கோப்புக்குக் களஞ்சியக் கையொப்பச் சோதனை நடக்காது. நீங்கள் கையோடு கொண்டுவந்து கொடுத்ததால், நீங்கள் விசாரித்துவிட்டீர்கள் என்று அது நம்புகிறது. சில பெரிய நிறுவனங்களின் மென்பொருளுக்கு வேறு வழியில்லை. கூகுள் குரோம் அப்படித்தான் வருகிறது, வந்ததும் தன் களஞ்சியத்தையும் நம் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து வரும் டெப் கோப்புக்கு அந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று, வெளியார் களஞ்சியத்தைச் சேர்க்கச் சொல்வது. இதன் ஆபத்து பலருக்குப் புரிவதில்லை. ஒரு சிறு மென்பொருளுக்காகத்தானே சேர்க்கிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் களஞ்சியக்காரர் நாளைக்கு எந்தப் பெயரில் எந்தப் பொதியின் புதிய பதிப்பை வைத்தாலும், சாதாரணமாக நம் கணினி வாங்கிக்கொள்ளும். பொதி உட்காரும்போது அதற்குள் இருக்கும் சிறு கட்டளைத் தொகுப்புகள் ரூட் அதிகாரத்தில் ஓடும். ஒரு கரன்ட் பில் கட்டச் சொல்லி ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தது போல. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் சாவி திருடு போனால்?

மூன்றாவது படுமோசம். ஒரு நீளமான வரியைக் கொடுத்து "இதை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டுங்கள்" என்பார்கள். அந்த வரி இணையத்திலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து வந்து, நாம் பார்க்கும் முன்பே ரூட் அதிகாரத்தில் ஓட்டிவிடும். நல்ல நிறுவனங்களும் இப்படிச் சொல்கின்றன, அதுதான் வேதனை. வெற்றுச் செக்கில் கையெழுத்து. நம் மூன்று கணினிகளிலும் இது கூடவே கூடாது.

சென்ற வருடம் நம் குடியிருப்பிலேயே ஒரு அம்மாவுக்குப் போன் வந்தது. "உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, திரையைப் பகிரும் மென்பொருள் ஒன்றைப் போடுங்கள், நாங்களே சரிசெய்து தருகிறோம்." அவர் போடும் முன் மகளுக்குப் போன் செய்து கேட்டதால் தப்பித்தார். வாசகசாலைக் கணினியில் உட்கார்ந்துதான் நம்மில் பலர் ஓய்வூதியச் சான்றும், மின்கட்டணமும், சிலர் நெட்பேங்கிங்கும் பார்க்கிறோம். அந்தப் பெட்டியில் ஒருவர் தெரியாமல் போடும் ஒரு மென்பொருள், அடுத்து வந்து உட்காருபவரின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். என் வீட்டுக் கணினியில் நான் எதைப் போட்டாலும் நஷ்டம் என்னோடு. இங்கே அப்படி இல்லை.

அப்படியானால் களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் கங்கை நீரா? இல்லை. கையொப்பம் சொல்வது அனுப்பியவர் யார் என்பதை மட்டும்தான். அனுப்பியவர் யோக்கியரா என்று அது சொல்லாது. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருளில் ஒரு கள்ளக்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நல்ல பிள்ளையாக உதவி செய்து, பொறுப்பை வாங்கிக்கொண்டு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதை வைத்தார். பிடித்தது யார் தெரியுமா? ஆன்ட்ரெஸ் ஃப்ரொயன்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைப் பார்த்து ஏன் என்று தோண்டினார். அரை விநாடி! அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்துவிட்டன. நிலையான பதிப்புக்கு வரவில்லை. நிலையான பதிப்பில் எல்லாம் பழசாக இருக்கிறது என்று நம் இளைஞர்கள் குறை சொல்கிறார்கள். பழசாக இருந்ததுதான் அன்று காப்பாற்றியது. எனக்கு இருப்பதில் கடைசிப் பதிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

மின்ட்டுக்கும் ஒரு கறை உண்டு, மறைக்க வேண்டாம். 2016 பிப்ரவரியில் அவர்கள் இணையதளத்துக்குள் புகுந்து, நிறுவும் கோப்புக்கான இணைப்பையே மாற்றிவிட்டார்கள். அன்று இறக்கியவர்களில் சிலருக்குக் கள்ளக்கதவு வைத்த மின்ட் போனது. அவர்களே உடனே அறிவித்தார்கள். அதனால்தான் நம் கணினிகளுக்கான கோப்பை இறக்கியபோது கைரேகையை ஒப்பிட்டு, அதன் கையொப்பத்தையும் சரிபார்த்த பிறகே பென்டிரைவில் ஏற்றினோம். வீட்டில் போட நினைப்பவர்களும் அந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

நடைமுறையில் வரும் சில சங்கடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "பூட்டைப் பெற முடியவில்லை" என்று சில சமயம் செய்தி வரும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேரேட்டில் எழுதலாம் என்பதற்காக வைத்திருக்கும் பூட்டு அது. பின்னணியில் அப்டேட் மேனேஜர் எழுதிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் காபி குடித்துவிட்டு வாருங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அதே போலப் பொதி இறங்கி உட்காரும்போது கரன்ட் போய்விட்டால், அடுத்த முறை ஆப்ட் நகராது. பாதியில் நின்ற வேலையை முடிக்க 'டிபிகேஜி' என்று தொடங்கும் ஒரு கட்டளையை அதுவே எழுதிக் காட்டும். அதை அப்படியே அடித்தால் போதும், விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

நீக்குவதில் இரண்டு வகை. 'ரிமூவ்' என்றால் மென்பொருள் போகும், அதன் பொதுவான அமைப்புக் கோப்புகள் இருக்கும். 'பர்ஜ்' என்றால் அவையும் போகும். இரண்டிலும் உங்கள் கடிதங்கள், படங்கள் போகாது. 'ஆட்டோரிமூவ்' என்பது யாருக்கும் தேவைப்படாமல் தங்கிவிட்ட துணைப் பொதிகளைக் கழிப்பது. நல்லதுதான், ஆனால் அதிலும் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் ஒய். 'டைம்ஷிஃப்ட்' என்று மின்ட்டிலேயே ஒன்று இருக்கிறது. பெரிய மாற்றத்துக்கு முன் அதில் ஒரு நிழற்பதிவு எடுத்து வைத்தால், கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது கணினியின் அமைப்பைத்தான் காக்கும். உங்கள் பேத்தியின் கல்யாண ஆல்பத்துக்குத் தனி பிரதி நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பாஸ்வேர்டுக்கு வருகிறேன். செயற்குழுவுக்கு நான் எழுத்தில் கொடுத்திருக்கும் யோசனை இது. வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி உண்டு. இரண்டும் ஒருவரிடம் இருக்காது. மேனேஜர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் தனியாகத் திறக்க முடியாது. அதில் யாருக்கும் அவமானம் இல்லை, ஏனென்றால் விதி எல்லோருக்கும் ஒன்று. நம் கணினிகளின் நிர்வாகப் பாஸ்வேர்டை இரண்டாகப் பிரிப்போம். முன்பாதி செயலாளரிடம், பின்பாதி பொருளாளரிடம். ஒருவர் தன் பாதியை அடித்ததும் மற்றவர் வந்து தன் பாதியை அடிக்கட்டும். முழுவதையும் மூடிய உறையில் போட்டு, உறையின் மேல் மூவர் கையெழுத்திட்டு, சங்க பீரோவில் வைப்போம், அவசரத்துக்கு. என்னிடம் இப்போது முழுவதும் இருக்கிறது. அது சரியில்லை, நான் ஒப்படைத்துவிடுகிறேன். வாசகர்கள் எல்லோரும் சாதாரணக் கணக்கில் உட்கார்ந்து வழக்கம் போல வேலை செய்யலாம்.

இது பெட்டியைக் கழற்றி வட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவனைத் தடுக்காது. அதற்கு வாட்ச்மேன் இருக்கிறார்.

தலைவர் போன வாரம் என்னிடம், "இதெல்லாம் கொஞ்சம் அதிகம் இல்லையா சார், மூன்று பழைய கணினிக்கு ஸ்ட்ராங் ரூமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அலுவலகக் கணினியில் 112 வீட்டுக்காரர்களின் போன் எண், வாடகைதாரர் விவரம், பராமரிப்புத் தொகை பாக்கி யார் யார் என்ற பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் வெளியே போனால் தலைவருக்கு வரும் போன் அழைப்புகளை நான் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

புதிய மென்பொருள் கேட்க ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, வீட்டு எண், என்ன வேலைக்கு என்று எழுதுங்கள். மென்பொருளின் பெயர் தெரிய வேண்டாம், வேலையைச் சொன்னால் போதும். களஞ்சியத்திலேயே அதற்கு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம், பெரும்பாலும் இருக்கிறது. சதுரங்கத்துக்கு மட்டும் ஏழெட்டு வகை பார்த்தேன். பிடிஎஃப் ஒட்டுவதற்கும் கிடைத்துவிட்டது. ஜாதகம் கேட்டவருக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், அவர் நேரம் எப்படி இருக்கிறதோ.

நோட்டில் நாம் எழுதுவது ஒரு பக்கம். கணினி தானாக எழுதும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஆப்ட் செய்த ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய நேரம், அடித்த கட்டளை, கேட்ட பயனர் பெயர், எந்தெந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனது, முடிந்த நேரம் எல்லாம் 'ஹிஸ்டரி' என்ற பதிவுக் கோப்பில் ஏறுகிறது. மாதம் ஒருமுறை நோட்டையும் அந்தப் பதிவையும் பக்கத்தில் வைத்து டிக் அடிக்க ஒருவர் வேண்டும். நோட்டில் இல்லாத ஒன்று பதிவில் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். கணினி தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை, பொறுமை உள்ளவர் போதும். கணக்குத் தணிக்கையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வந்து பிடித்துக்கொள்கிறேன்.

திருத்தங்களைப் போடுவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அப்போது வாசகசாலைக் கணினிகள் அரை மணி நேரம் கிடைக்காது. வீட்டில் விண்டோஸ் 10 ஓடும் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் கொண்டுவரலாம். பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்து, உங்கள் வைஃபையும் பிரின்டரும் ஒத்துழைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யலாம். சார்ஜரைக் கையோடு கொண்டு வாருங்கள். நிறுவுவதாக இருந்தால், முக்கியமான கோப்புகளை வேறு ஒரு வட்டில் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள், பிரதி இல்லாத கணினியைத் தொட மாட்டேன்.

தண்ணீர் லாரிக்காரர் கணக்கை இப்போது பொருளாளர் படிப்பார்.